சிவப்பு பல்பு எரியும்போது

பெப்ரவரி 3

பெரிய டொக்டர் இன்றைக்கு முடிவாகச் சொல்லிவிட்டார். போன வருடம் கரண்ட் பிடித்ததில், அந்தக் கதிர்ச் சிகிச்சையில், அடங்கிக் கிடந்த கட்டி மறுபடி தலையெடுத்திருக்கிறது. குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும். பிறகு மூச்சுப் போய்வரக் கழுத்தில் ஒரு துளை இருக்கும். பேச்சு இருக்காது. எடுக்காவிட்டால் நானே இருக்கமாட்டேன்.

சிங்கள மனிதர், தங்கமானவர். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "கோச்சி வருகுது கோகிலம், அது நீங்க பாடினதுதானே?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். தன்னுடைய கல்யாணத்தில் அதற்கு ஆடினாராம். என் தொண்டையை வெட்டப் போகிறவர் என் பாட்டை முணுமுணுத்தபடியே மருந்துச் சீட்டு எழுதினார். எழுபத்தொரு வயதில் எனக்கு வாய்த்த ரசிகர்.

திரும்பி வரும்போது என் மனைவி நகுலா பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தாள். வெள்ளவத்தையில் இறங்கும்வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அவள் இயல்பிலேயே பேச்சுக் குறைந்தவள். வீட்டுக்கு வந்ததும் காஸ் முடிந்துவிட்டது. கடைப் பையன் சிலிண்டர் கொண்டுவர மாலையாகிவிட்டது. கடையில் பாண் வாங்கிச் சாப்பிட்டோம்.

பெப்ரவரி 7

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளையைப் பார்க்கச் சொன்னார்கள். நுஸ்ரத் என்று பெயர், கல்முனைப் பக்கம். ஒரு டப்பைக் காட்டினாள், சின்னத் தொடுதிரைக் கணினி. திரை முழுக்கக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு வசனத்தை என் குரலிலேயே பதிந்து வைக்கலாம். ஒப்பரேஷனுக்குப் பிறகு கட்டத்தை அமத்தினால் என் குரல் பேசும்.

"சேர், வீட்டுல எப்படிக் கதைப்பீங்களோ அப்படியே பதியுங்க. மெடத்தை எப்படிக் கூப்பிடுவீங்களோ அதையும் பதியுங்க. கோவப்படுறதையும் பதியுங்க, சிரிக்கிறதையும் பதியுங்க" என்றாள்.

"தங்கச்சி, நான் மைக்குக்கு முன்னாலயே கிழவனானவன். எனக்குப் படிப்பிக்கிறீரோ?"

"இல்ல சேர். அதாலதான் சொல்றன்."

நல்ல பிள்ளை. ஆனால் 'பழம்' என்ற சொல்லை அவள் 'பளம்' என்று சொன்னபோது என் காது கூசியது.

பெப்ரவரி 9

டொனால்ட் லப்டொப்பும் மைக்கும் கொண்டு வந்தான். தீக்கோழிகள் குழுவில் மிச்சமிருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். அவன் ட்ரம்ஸ், நான் பாட்டும் கிற்றாரும். அவனுக்கு இப்போது கை நடுங்குகிறது. ஆனால் ஒலி வெட்டி ஒட்டுகிற வேலையில் நடுக்கம் இல்லை.

எழுபத்திரண்டாம் ஆண்டு யாழ்ப்பாணத்துத் திறந்தவெளி அரங்கில் நாங்கள் ஏறியபோது முன்வரிசையில் இருந்த பெரிய மனிதர்கள் எழுந்து போனார்கள். அந்தக் கதிரைகளில் பொடியன்கள் பாய்ந்து வந்து இருந்தார்கள். 'கோச்சி வருகுது கோகிலம்' அன்று நான்கு தடவை பாட வேண்டியதாயிற்று. கோகிலம் யார் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். யாருமில்லை. கோச்சிக்குச் சேர்கிற மாதிரி ஒரு பெயர் தேவைப்பட்டது. கல்யாணமான புதிதில் நகுலாவைச் சந்தையில் பார்த்தவர்கள் எல்லாம் "கோகிலம் அக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

குழு உடைந்த பிறகு நான் செய்யாத வேலை இல்லை. சவர்க்காரத்துக்கும் இருமல் மருந்துக்கும் விளம்பரப் பாட்டுப் போட்டேன். வானொலி நாடகங்களுக்கு இசையமைத்தேன். உதைபந்தாட்ட வர்ணனை சொன்னேன். செய்தி வாசித்தேன். கடைசியில், எதை வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், தினமும் மரண அறிவித்தல் வாசித்தேன். அதற்கு முன்னால் வருகிற சோக இசையும் என்னுடையதுதான். கோச்சிப் பாட்டை மெதுவாக்கிக் குழலில் வாசிக்க விட்டேன். நாடு முழுக்க ஒருவருக்கும் பிடிபடவில்லை. முதல்நாள் அது ஒலிபரப்பானதும் குசினிக்குள் இருந்து நகுலா மட்டும், "இது உங்கட கோச்சிப் பாட்டெல்லோ?" என்று கேட்டாள். அவளுக்குக் காது கூர்மை. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

பெப்ரவரி 10

பதிவு தொடங்கிவிட்டது.

என் அறை வாசலில் ஒரு சிவப்பு பல்பு இருக்கிறது. வீட்டில் இருந்து விளம்பரங்கள் பதியத் தொடங்கிய காலத்தில் நானே வயர் இழுத்து மாட்டியது. அது எரிந்தால் வீட்டில் சத்தம் கூடாது. மகள் ஆரணி கைக்குழந்தையாக இருந்தபோது பல்பு எரிந்ததும் நகுலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவாள். மழை என்றால் கீழ்வீட்டுப் படிக்கட்டில் இருப்பாள். ஒருநாளும் சொல்லித்தர வேண்டி வந்ததில்லை. அப்படி ஒரு துணை எல்லாக் கலைஞர்களுக்கும் வாய்ப்பதில்லை.

இன்றைக்குத்தான் கொஞ்சம் தடுமாற்றம். மைக்கைத் திறந்தால் முன்னறையில் ஃபான் இரைகிறது. அதை நிறுத்தச் சொன்னால் குக்கர் கூவுகிறது. அதை இறக்கினால் கரையோர ரயில் பாதையில் கோச்சி வருகிறது. கோச்சியை மட்டும் நகுலாவால் நிறுத்த முடியாது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அது போகும்வரைக்கும் காத்திருந்தோம்.

"மச்சான், நீ தேத்தண்ணி கேக்கிறது நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கடா" என்று டொனால்ட் சிரித்தான்.

மைக்கைக் கண்டால் என் நாக்கு வேட்டி கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றுவிடும். அது பழக்கம் மட்டுமல்ல, மரியாதையும்தான். கடைசியாகப் பதிகிற குரல் கொச்சையாகவா இருக்க வேண்டும்?

பெப்ரவரி 12

தொண்டை வலி. பதிவு இல்லை. பிழிந்து குடிக்கத் தேசிக்காய் வாங்கினேன்.

பெப்ரவரி 14

முடித்துவிட்டோம். 'தேநீர் அருந்த விரும்புகிறேன்.' 'உடல்நிலை சற்றுச் சோர்வாக உள்ளது.' 'தயவுசெய்து மருத்துவரை அழைக்கவும்.' 'வருகைக்கு நன்றி, மீண்டும் சந்திப்போம்.' ழகரம் எல்லாம் மணி மணியாக விழுந்திருக்கிறது. இருபத்தைந்து வயது அறிவிப்பாளன்கூட இப்படி வாசிக்கமாட்டான். டொனால்டின் ஆசைக்கு 'அன்பான நேயர்களே, வணக்கம்' என்றும் ஒன்று பதிந்தேன்.

"இடையில கிடக்கிற கதையெல்லாம் வெட்டவோ?" என்று கேட்டான்.

"வெட்டு. ஒரு தூசி இருக்கக் கூடாது."

பல்பை அணைத்த பிறகு நகுலா பிளேன்ரீ கொண்டுவந்தாள். கோப்பையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"உதுக்குள்ள எனக்கும் ஏதும் சொன்னனீங்களோ?"

"ஏன் இல்லாமல்? உமக்கும் ஒண்டு இருக்கு" என்று அந்தக் கட்டத்தை அமத்திக் காட்டினேன். 'என் அன்புத் துணைவியாருக்கு மனமார்ந்த நன்றிகள்.'

கேட்டாள். "வடிவா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். நான் இன்னும் அதைக் குடித்திருக்கவில்லை.

பெப்ரவரி 17

மழை. உடுப்புக் காயவில்லை. வானொலியில் மரண அறிவித்தல் போனது. புதுப் பொடியன் வாசிக்கிறான். 'காலமானார்' என்ற இடத்தில் மூச்சு வாங்கிவிட்டான். அங்கே மூச்சு வாங்கக் கூடாது. அங்கே வாங்கினால் வீட்டார் உடைந்துபோவார்கள்.

நான் வாசித்ததில் என்னை நிமிர வைப்பது ஒன்று உண்டு. நகுலாவின் அப்பா, என் மாமா, சாவகச்சேரியில் செத்துப்போனபோது அந்தச் செய்தி நேரே வானொலிக்குத்தான் வந்தது. நான் ஸ்ரூடியோவுக்குள் கால் வைக்கும்போது கையில் தந்தார்கள். வீட்டில் ரெலிபோன் இல்லை. நிகழ்ச்சி தொடங்கப் போகிறது. சக அறிவிப்பாளர் ஒருவர் தான் வாசிப்பதாகச் சொன்னார். நான் விடவில்லை. உறவினர் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்து, 'நகுலேஸ்வரியின் பாசமிகு தந்தையும், ஞானசேகரத்தின் அன்பு மாமனாரும்' என்று என் பெயரையும் நானே வாசித்தேன். குரலில் ஒரு சின்னப் பிசிறும் இல்லை. வெளியே வந்ததும் எல்லாரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இது தொழில் என்றால் தொழில் என்றார் பணிப்பாளர்.

நான் வீட்டுக்குப் போனபோது நகுலா அடுப்படியில் நிலத்தில் இருந்தாள். றேடியோ அப்போதும் பாடிக்கொண்டிருந்தது. கறிக்கு வெட்டின கத்தரிக்காய் கறுத்துப் போயிருந்தது. அன்றிரவே மெயில் கோச்சியில் சாவகச்சேரி போனோம். அவள் அதைப் பற்றி ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. விளங்கிக்கொண்டாள்.

பெப்ரவரி 20

வானொலியில் எனக்குப் பிரியாவிடை நிகழ்ச்சி. நேயர்கள் தொலைபேசியில் வந்து அழுதார்கள். மட்டக்களப்பில் இருந்து ஒரு அம்மா, "எங்கட அப்பாட மரண அறிவித்தல நீங்கதான் வாசிச்ச. அதுதான் எங்களுக்கு ஆறுதல்" என்றார். கடைசியில் கோச்சிப் பாட்டைப் பாடச் சொன்னார்கள். பாடினேன். மேலே போகிற இடத்தில் குரல் கிழிந்தது. அதையும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

நகுலா வெளியே வரவேற்பறையில் இருந்தாள். அங்கே ஸ்பீக்கர் வேலை செய்யவில்லையாம்.

திரும்பும்போது ஓட்டோவில், "என்னப்பா கதைச்சனீங்கள்?" என்று கேட்டாள். தொண்டை நெருப்பாக எரிந்தது. விரலை வாயில் வைத்துக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெப்ரவரி 22

வார்ட். நாளைக்குக் காலை. பயம். வேறு எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 2

உயிரோடு இருக்கிறேன். மூக்கால் குழாய். பேனா பிடிக்க முடிகிறது.

மார்ச் 5

ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில் நகுலாவிடம் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்து, "கவனமா வையும், கால் ஒண்டு ஆடுது" என்றேன். இன்றைக்குத்தான் யோசித்துப் பார்த்தேன். என் சொந்தக் குரலில் நான் பேசின கடைசி வசனம் அதுதான். இத்தனை வருடம் சொன்னதெல்லாம் எங்கேயோ ஒரு ஒலிநாடாவில் கிடக்கிறது. இதை ஒருவரும் பதியவில்லை.

மார்ச் 16

வீட்டுக்கு வந்துவிட்டேன். குழாயை எடுத்துவிட்டார்கள். இனி வாயால் குடிக்கலாம். நகுலா என் கட்டில் விரிப்பை மாற்றி, கழுத்துத் துளைக்கு மேலே கட்ட வெள்ளைத் துணியில் சின்னச் சின்னத் துண்டுகள் தைத்து வைத்திருந்தாள்.

டப்பை மடியில் வைத்து முதல் கட்டத்தை அமத்தினேன். 'தேநீர் அருந்த விரும்புகிறேன்.' என் குரல், முழுசாக, பழுதில்லாமல். எனக்கு அழுகை வந்தது.

நகுலா சட்டென்று எழும்பிச் சேலையைச் சரிசெய்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

மார்ச் 19

மெல்பேர்னில் இருந்து ஆரணி வீடியோவில் வந்தாள். நான் கட்டத்தை அமத்தினேன். "ஐயோ அப்பா, நியூஸ் வாசிக்கிறீங்கள்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று கமராவைத் திருப்பிவிட்டாள். கொஞ்ச நேரம் சுவர் மட்டும் தெரிந்தது.

மார்ச் 21

நகுலா ஒன்றைச் சொன்னாள். சோறு போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"கோவிக்காதேங்கோ. உதை அமத்தினால் ஆரோ வெளியாள் வந்து நிக்கிற மாதிரிக் கிடக்கு. றேடியோக்காரன் வந்து என்னட்டைத் தேத்தண்ணி கேக்கிறான். நீங்கள் எங்கையெண்டு தேடுறன்."

எனக்குக் கோபம் வந்தது. அதற்கும் கட்டம் இல்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பிப் போனேன்.

மார்ச் 23

அடுப்பில் பால் பொங்கியது. நகுலா பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் அறையில் இருந்து பார்க்கிறேன், பால் வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது, காஸ் மணக்கத்தான் போகிறது, எனக்கு இப்போது மணமும் சரியாகத் தெரிவதில்லை. டப்பைத் தேடி எடுத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். 'நகுலா' என்று கூப்பிட ஒரு கட்டம் இல்லை. அவளுடைய பெயரை நான் பதியவே இல்லை. 'அன்பான நேயர்களே, வணக்கம்' என்பதை அமத்தினேன். அவள் திரும்பவில்லை. கீழ்வீட்டு றேடியோ என்று நினைத்தாளாம். ஓடிப்போய் நானே அடுப்பை நிறுத்தினேன். மூச்சு கழுத்துத் துளைக்குள்ளால் விசில் அடித்தது.

நுஸ்ரத்தின் முகம் நினைவுக்கு வந்தது. சனியன் பிடித்த டப்பை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். இனி சிலேட்டு போதும்.

மார்ச் 26

டொனால்ட் வந்தான். நடந்ததைச் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். கடைசியில், 'வெட்டினதெல்லாம் போய்விட்டதா?' என்று எழுதினேன்.

"விசரா, வெட்டினதை ஆராவது எறிவானா? முழுப் பதிவும் லப்டொப்பில கிடக்கு" என்றான்.

பதிவுக்கு இடையில் நான் வீட்டுப் பேச்சில்தானே பேசியிருப்பேன். மைக் திறந்தபடிதானே கிடந்தது. நகுலாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினோம். டொனால்ட் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிப் போட்டான்.

"நகுலா, ஃபானை நிப்பாட்டும்."

"நகுலா, குக்கர்!"

"நகுலா, கதவை மெல்லமாச் சாத்தப் பாரும்."

"நகுலா, கொஞ்சம் சத்தம் போடாமல் இரும்."

"நகுலா, என்ன உது? சும்மா இரும் எண்டெல்லோ சொன்னனான்."

என் குரல்தான். வேட்டி கட்டாத குரல். ஒவ்வொன்றுக்கும் பிறகு, தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து, சின்னதாக நகுலாவின் பதில், "ஓம்." "ஓம்." "ஓம்."

டொனால்ட் இரண்டு தடவை முழுப் பதிவையும் ஓட்டிப் பார்த்தான். வேறு ஒன்றும் இல்லை. பிறகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தான். நான் நகுலாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இது அவர்தான்" என்றாள் அவள். "தம்பி, இதுகளை அதுக்குள்ள போட்டுத் தாங்கோ."

மார்ச் 28

போட்டுத் தந்துவிட்டான். லாச்சியைத் திறந்து டப்பை எடுத்து வைத்திருப்பது அவள்தான். காலையில் குசினிக்குப் போக முன்னம் ஒரு கட்டத்தை அவளே அமத்துகிறாள். "நகுலா, கொஞ்சம் சத்தம் போடாமல் இரும்." "ஓம்" என்கிறாள். பிறகு கேத்தலை அடுப்பில் வைக்கிறாள், சத்தமில்லாமல்.

நாள் முழுக்க நான் அதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறேன். இந்த வீட்டில் ஒரு மனிதனுக்குத்தான் தொண்டை எடுத்தது என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 30

ஸ்ரூல் ஒன்றைப் போட்டு ஏறி அறை வாசல் பல்பைக் கழற்றினேன். தூசி பிடித்துக் கையெல்லாம் கறுத்துப்போனது. நகுலா கீழே நின்று ஸ்ரூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. பல்பை வாங்கித் துடைத்து, பழைய போத்தல்கள் வைக்கிற பெட்டிக்குள் வைத்தாள்.

பிறகு சிலேட்டை எடுத்து 'நீர் கதையும்' என்று எழுதிக் காட்டினேன்.

எட்ட நின்று வாசித்தாள். "நானோ? நான் என்னத்தைக் கதைக்க?" என்றாள். எனக்குப் பதில் சொல்வதற்காக அல்ல, உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். நான் எழுதினதை அழிக்கவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தேன்.

கட்டில் ஓரத்தில் வந்து இருந்தாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். கரையோரத்துக் கோச்சி வரும் சத்தம் கேட்டது. அது போய் முடியும்வரைக்கும் பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பல்பு இல்லை, மைக் இல்லை, இருந்தும் காத்திருந்தாள்.

"அந்தக் கோகிலம் பாட்டு" என்றாள். "எனக்கு அது ஒருநாளும் பிடிக்கேல்லை."

நான் சிரித்தேன். சத்தம் வரவில்லை. கழுத்துத் துளையால் காற்று மட்டும் புஸ் புஸ் என்று வந்தது. இருமுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க எழும்பினாள். கையைப் பிடித்து இருத்தினேன். இருந்தாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இன்னும் கிடக்கு" என்றாள்.